முதுகு காட்டி நின்ற பெண்கள்

என் அண்ணிக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட எங்கள் மாதாவுக்கு இப்போது யார் துணி மாற்றிவிடுகிறார்கள்?

சோறு போடும்போது கேட்பாள். துணி காயப்போடும்போது கேட்பாள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு மனுஷியிடமும் கேட்டிருக்கிறாள். "பொம்பளைங்கதானே மாத்துவாங்க? ஆம்பளை யாரும் கை வைக்க மாட்டாங்கல்ல?" அந்த மனுஷி பாவம், தன் குழந்தையைப் பற்றி ஏதோ கேட்கிறாள் என்று நினைத்து, "எங்க வீட்டுல என் வீட்டுக்காரர்தான் மாத்துவாரு" என்று சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி அண்ணி சாப்பிடவில்லை.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் அண்ணியின் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். எங்கள் தெருக்கோடியில் வெள்ளைக்காரர்கள் காலத்தில் கட்டிய சின்னக் கோயில் ஒன்று இருந்தது. அதில் இருந்த மாதாவுக்கு உடுத்திவிடுவது எங்கள் வீட்டுப் பெண்களின் வேலை. என் அம்மா செய்தாள். அம்மாவுக்குப் பிறகு மருமகளான அண்ணி செய்தாள். மகள் நான் இருக்க, மருமகளுக்கு ஏன் போனது என்று கேட்கிறீர்களா? எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அண்ணியோ சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு மழைக்குக் கோயில் கூரை இறங்கிவிட்டது. மாதா நனையக்கூடாது என்று பங்குச்சாமியார் அவளை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். கோயில் கட்டியதும் திரும்பி வருவாள் என்றார். கோயில் எழும்பவில்லை. அருங்காட்சியகமும் பழுதுபார்க்கிறோம் என்று பல வருஷம் பூட்டிக் கிடந்தது. கடைசியில் திறந்துவிட்டார்கள் என்று அண்ணியின் மருமகள் வந்து சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவாள்.

நான்கு பேர் கிளம்பினோம். அண்ணி, அவள் மருமகள், நான், பிறகு எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தோம். நிறுத்த முடியாது. நல்ல குளிர், அதனால் எல்லோரும் சால்வை போர்த்தியிருந்தோம். அண்ணியின் சால்வை அவளே தைத்தது. காலர் வெட்டிய மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்திருந்தாள்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் துறவிகள் இருந்த மடம். பிறகு ஜெயில். பிறகு உப்பு மூட்டை அடுக்கி வைத்தார்களாம். சுவர் என்றால் சுவர், ஜன்னல் விளிம்பில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். நடுவில் முற்றம், சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். படிக்கட்டின் கல் ஒவ்வொன்றும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. சாமியார் தேய்த்தது பாதி, கைதி தேய்த்தது பாதி என்றாள் ரேடியோ. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசனையும், தரைக்குப் பூசிய மெழுகின் வாசனையும் கலந்து வந்தன.

முதல் அறையில் கறுத்துப்போன படங்கள். இரண்டாவதில் ஒரு வெள்ளி விளக்கு, மூக்கு உடைந்த புனிதர் ஒருவர், தந்தத்தில் செய்த தூங்கும் குழந்தை. குழந்தையிடம் மட்டும் அண்ணி கொஞ்ச நேரம் நின்றாள். "இதுக்கும் ஒரு போர்வை போத்தியிருக்கலாம்" என்று முணுமுணுத்தாள்.

மூன்றாவது அறையில் ஒரு விநோதம் இருந்தது. செவ்வகமான சின்ன மேடை, சுற்றிச் சிவப்புக் கயிறு. மேடைமேல் வெள்ளை வெளேரென்ற ஒரு பெண் தலை. மொட்டைத் தலை. கீழே இரண்டு அழகான கைகள். தலைக்கும் கைக்கும் நடுவில் உடம்பு கிடையாது. மரச் சட்டங்களைக் கூம்பு மாதிரி கீழே விரித்து அடித்து வைத்திருந்தார்கள். மேலேயிருந்து பளீரென்று ஒரு விளக்கு அதன்மேல் அடித்தது.

"என்னங்கடி இது, கோழிக் கூண்டா?" என்றாள் ரேடியோ. "தலையும் கையும் செஞ்சு முடிச்சதும் தச்சனுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துடுச்சு போல. மிச்சத்தை மறந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டான்."

நாங்கள் சிரித்தோம். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணி தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனோம்.

அடுத்த அறையிலும் மாதா இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மேல்மாடி முழுக்கத் தேடினோம். பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குப் பின்னால்கூட ரேடியோ எட்டிப் பார்த்தாள். அண்ணியின் நடை வேகமாகிக்கொண்டே போனது. கடைசியில் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியிடம் போய் நின்றாள்.

"தம்பி, எங்க மாதா எங்கே? நீலப் பாவாடை, நெத்தி வரைக்கும் முக்காடு. மாநிறம். எங்க தெருக் கோயில்லேர்ந்து வந்தவ."

அவர் நல்ல மனிதர். எழுந்து, கூடவே வந்து, கையை நீட்டிக் காட்டினார். "இதான்மா."

நாங்கள் சிரித்துவிட்டு வந்த இடம்.

"இல்ல" என்றாள் அண்ணி. "இவ இல்ல. எங்க மாதாவுக்கு முகம் இப்படி இருக்காது."

"சுத்தம் பண்ணியிருக்காங்கம்மா. மெழுகுவத்திப் புகை, மேல மேல அடிச்ச பெயின்ட், எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. உள்ளே இதான் பழைய நிறம்."

"நம்ம நிறத்துக்கு வந்து சேர அவளுக்கு எத்தனை வருஷம் ஆச்சு" என்றாள் ரேடியோ. அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான். "திரும்பவும் அவங்க நிறமாத் தேச்சு வச்சுட்டாங்களே."

அண்ணி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, காற்றில் எதையோ தடவ ஆரம்பித்தாள்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். மாதாவுக்குத் துணி மாற்றும்போது கோயில் கதவைச் சாத்திவிடுவோம். ஆண்கள் வெளியே போய்விடுவார்கள். பெண்கள் துணியைப் பிடித்து மாதாவைச் சுற்றி மறைப்புக் கட்டி நிற்போம், முதுகை அவள் பக்கம் வைத்து, முகத்தை வெளியே திருப்பி. உடுத்துகிறவள் மட்டும் உள்ளே இருப்பாள். அவளும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். புதுத் துணியை மேலே போட்டுக் கட்டிய பிறகுதான், அடியில் கைவிட்டுப் பழைய துணியின் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அது தானாக நழுவிக் காலடியில் விழும். ஒரு நொடிகூட மாதா உடுப்பில்லாமல் இருக்க மாட்டாள். ஒரு கண்ணும் அவளைப் பார்த்திருக்காது. அண்ணியின் கண்ணும்தான். அண்ணியின் விரல்களுக்கு மட்டும் அந்த உடம்பு தெரியும்.

நீட்டிய கை ஒரு இடத்தில் நின்றது. அண்ணி கண்ணைத் திறந்து, தன் விரல் எதற்கு நேராக நிற்கிறது என்று பார்த்தாள். இடது பக்கம், இடுப்புக்குக் கீழே, ஒரு சட்டத்தில் துணி சுற்றியிருந்தது. நீலக் கட்டம் போட்ட துணி.

எனக்கு அந்தக் கட்டம் தெரியும். அது என் அண்ணனின் சட்டை. காணோம் என்று அவன் வீட்டையே புரட்டிப் போட்டான். என்மேல் பழி சுமத்தி ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தான்.

"அண்ணி... அண்ணன் சட்டையா?"

"அந்தச் சட்டம் சிலும்பு சிலும்பா இருக்கும். பாவாடையைக் கிழிச்சுக்கிட்டே இருந்துது. அதான் சுத்தினேன்." அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. "இவதான். இவளைப் பார்த்தா நாம சிரிச்சோம்?"

பிறகு அவள் திரும்பிய வேகத்தில் காவலாளி ஒரு அடி பின்னால் போனார். "துணி எங்கே?"

"எதும்மா?"

"இவ துணி. நான் தைச்ச துணி. கொண்டாங்க. நான் உடுத்திட்டுப் போறேன்."

அவர் காப்பாட்சியரைக் கூட்டி வந்தார். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. கண்ணாடி ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்கியது. முகத்தில் கடுமை இல்லை. அண்ணி சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தத் துணியெல்லாம் பூச்சி அரிச்சுப்போச்சும்மா. பெட்டியில வச்சிருக்கோம், அதை மறுபடியும் போட முடியாது. இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. இதுல அவமானம் எதுவும் இல்ல. தலையும் கையும்தான் கப்பல்ல வந்தது. உடம்பைச் செஞ்சது நம்ம ஊர்த் தச்சர். அவர் பேர்கூட யாருக்கும் தெரியாது. இத்தனை காலமா எல்லாரும் கப்பல்ல வந்த முகத்தையே பார்த்துட்டுப் போனாங்க. நம்ம ஆளோட வேலையையும் பார்க்கட்டுமேன்னுதான் இப்படி வச்சேன். மேலிடத்துல வேண்டாம்னாங்க. நான் சண்டை போட்டு வச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பேச்சு என் மனதில் தைத்தது. அண்ணியும் மரச் சட்டங்களை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தாள்.

"நல்ல வேலைதான்" என்றாள். "அந்தப் புண்ணியவான் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆனா செஞ்சு முடிச்சதும் அவர் என்ன பண்ணியிருப்பார் சொல்லுங்க? வீட்டுப் பொம்பளைங்களைக் கூப்பிட்டு, துணியைப் போடுங்கன்னு சொல்லிட்டு வெளிய போயிருப்பார். விளக்கைப் போட்டு ஊரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்."

"உங்க நம்பிக்கையை மதிக்கிறேன்மா. ஆனா இது இப்ப கோயில் இல்ல."

"இடம் மாறிடுச்சு. அவ மாறலையே."

"ஒரு மனு எழுதிக் கொடுங்க. குழு கூடும்போது நானே எடுத்து வைக்கிறேன்."

"குழு கூடற வரைக்கும் இவ இப்படியே நிக்கணுமா? நீங்க நிப்பீங்களா?"

காப்பாட்சியருக்கு முகம் சிவந்துவிட்டது. "வேணும்னா அந்த விளக்கை அணைக்கச் சொல்றேன்" என்றார்.

"இருட்டுல நிறுத்தினா உடுத்தினதா ஆயிடுமா?"

ரேடியோ அண்ணியின் காதருகே போய், "இவளையே திருப்பிக் கேப்போம்டி. நம்ம மாதா. வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போயிடுவோம்" என்றாள்.

"அது வேற சண்டை. அதுக்கு நாள் இருக்கு. இது இன்னைக்குச் சண்டை."

அந்த நேரம் பார்த்து இரண்டு பையன்களோடு ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அப்பாக்காரர் கைப்பேசியைத் தூக்கினார். பையன்களில் பெரியவன் மேடையைப் பார்த்து, நாங்கள் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான்.

அண்ணி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "பிடிங்கடி" என்றாள்.

அதற்குமேல் சொல்லத் தேவை இல்லை. ரேடியோ சால்வையை உருவி, இரண்டு முனையையும் பிடித்துக் கைகளை அகல விரித்துக்கொண்டு கயிற்றை ஒட்டி நின்றாள். நான் அடுத்த பக்கம் போய் நின்றேன். முதுகு மாதாவுக்கு, முகம் வெளியே.

மருமகள் மட்டும் தயங்கினாள். "அத்தை, எனக்கு அரசாங்க வேலை. பிரச்சினை ஆயிட்டா..."

"நீ வெளிய போய் நில்லு கண்ணு. தப்பில்ல" என்றாள் அண்ணி. கோபமாக அல்ல, நிஜமாகவே சொன்னாள். மருமகள் வாசல் வரை போனாள். பிறகு, "ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கு உடுப்பு மாத்தணும்னா திரையை இழுத்து விட்டுட்டுத்தான் மாத்தறோம். இங்க என்னவாம்?" என்று சத்தமாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு திரும்பி வந்து மூன்றாவது பக்கத்தில் நின்றாள். அவள் சால்வை எங்கள் எல்லோருடையதையும்விட நீளம்.

நான்காவது பக்கம் திறந்து கிடந்தது. அங்கே கழுத்தில் கேமரா தொங்கும் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வெகு நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் பேச்சு ஒரு சொல் அவளுக்குப் புரிந்திருக்காது. அவள் என்ன நினைத்தாளோ, கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, தன் பெரிய கோட்டைக் கழற்றி விரித்துக்கொண்டு வந்து நின்றாள். ஆனால் மாதாவைப் பார்த்தபடி நின்றாள். ரேடியோ ஒரு கையை விடாமலே முழங்கையால் அவளை இடித்து, "அந்தப் பக்கம் திரும்பும்மா, மகராசி" என்று திருப்பிவிட்டாள். அவளும் சமர்த்தாகத் திரும்பினாள்.

அறையில் கூட்டம் சேர்ந்தது. "சீட்டு வாங்கிட்டு வந்திருக்கோம், ஒண்ணும் தெரியலையே" என்றார் கைப்பேசிக்காரர்.

"நாங்களும் சீட்டு வாங்கிட்டுத்தான் நிக்கிறோம்" என்றாள் ரேடியோ. "எங்களைப் பாருங்க. நாங்களும் பழைய காலத்துச் சாமான்தான்."

யாரோ சிரித்தார்கள். யாரோ திட்டினார்கள். காவலாளி காப்பாட்சியரைப் பார்த்தார். "எதையும் தொடலையே மேடம். கயித்துக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிறாங்க. என்னன்னு சொல்லி வெளிய அனுப்பறது?"

கையை விரித்துப் பிடித்து நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முதலில் தோள் எரியும். பிறகு விரல் மரத்துப்போகும். அதன்பிறகு ஒரு பிடிவாதம் வரும் பாருங்கள், அப்போது கை நம்முடையதே இல்லை. வெளிநாட்டுப் பெண்ணின் கோட்டு நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் இறக்கவில்லை.

மூடும் நேரம் வந்துவிட்டது. கூட்டம் கலைந்தது. கீழே கதவுகளைச் சாத்தும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. காப்பாட்சியர் அண்ணியிடம் வந்தார். அவருக்கும் களைப்பு.

"அம்மா, இதுக்குமேல நான் போலீஸைத்தான் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க. வர்றவங்களை முதுகைக் காட்டி நிக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அண்ணி தன் சால்வையைக் கழற்றினாள். எனக்கும் மருமகளுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக உள்ளே நுழைந்து, கயிற்றைத் தாண்டி மேடைமேல் கால் வைத்தாள். உடனே கூரையிலிருந்து மணி ஒன்று வீறிட்டது. சால்வையைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"பயப்படாதீங்கடி" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "கோயில்ல அடிக்காத மணியா?"

காவலாளி ஓடி வந்தார். வந்தவர் எங்கள் முன்னால் வந்து நின்றார், காப்பாட்சியரைப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. மணிச் சத்தத்துக்கு நடுவே துணி உரசும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தாள் என்பதற்கு எனக்குச் சாட்சி தேவையில்லை. "கையைத் தூக்கு தாயி... இந்தா... அவ்வளவுதான்" என்று குழந்தைக்குச் சட்டை போடுகிறவள் மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். "சிரிச்சுட்டேன். மனசுல வச்சுக்காதே" என்றும் ஒரு முறை சொன்னாள்.

யாரோ மணியை நிறுத்தினார்கள்.

"திரும்பலாம்" என்றாள் அண்ணி.

திரும்பினோம். கழுத்திலிருந்து பாதம் வரை மாதா உடுத்தியிருந்தாள். வெள்ளைக் காலர், கோடு போட்ட காலர், சாம்பல் காலர், எல்லாம் ஒட்டுப்போட்ட அந்தச் சால்வையின் ஒரு முனை அவள் மொட்டைத் தலையை மூடி நெற்றி வரை வந்திருந்தது. முகம் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஆளைத் தெரிந்தது. வெளிநாட்டுப் பெண் கேமராவைத் தொடவே இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, கைகளை உதறிக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனாள்.

காப்பாட்சியர் கயிற்றைத் தள்ளிவிட்டுக் கிட்டே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சால்வையின் முடிச்சை நெடுநேரம் பார்த்தார். மரத்தில் ஒரு கீறலும் இல்லை, ஆணி இல்லை, ஊசி இல்லை. "நாளைக்குக் காலையில இதை எடுத்துடுவேன்" என்றார். "எடுத்துத்தான் ஆகணும். என் வேலை அது."

"எடுங்க" என்றாள் அண்ணி. குளிரில் அவள் உதடு நடுங்கியது. "ஆனா ஒண்ணு. முதல்ல இன்னொரு துணியை மேல போட்டுட்டு, அப்புறம் அடியிலேர்ந்து இதை எடுங்க. அப்படித்தான் எடுக்கணும்."

காப்பாட்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு துணிக்கு நான் எங்கே போவேன்?"

"நான் தைச்சுக் கொண்டாறேன். நீங்க கதவைத் திறக்கும்போது வாசல்ல நிப்பேன். இவங்களும் வருவாங்க."

"நான் அனுமதி கொடுக்கலையேம்மா."

"நான் கேக்கலையேம்மா" என்றாள் அண்ணி.

காவலாளி இருமினார். அது இருமல்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். காப்பாட்சியர் அறையை விட்டுப் போகும்போது, சுவரில் இருந்த பொத்தானை அழுத்தி, மாதாவின் தலைக்கு மேலே எரிந்த அந்தப் பளீர் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் கடைசி இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மருமகள் தன் நீளச் சால்வையில் பாதியை மாமியாரின் தோளில் சுற்றிவிட்டாள். "உள்ள விடாட்டி என்னடி செய்வே?" என்று ரேடியோ கேட்டாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, கழுத்துக்கு எத்தனை விரல், தோளிலிருந்து மணிக்கட்டுக்கு எத்தனை சாண் என்று காற்றில் அளந்துகொண்டே வந்தாள்.